ஏழு வளையங்கள்

ஒழுகலைச் சரிசெய்ய எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கூரைக்காரர் முதலில் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலே உள்ள ஈரக்கறையையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர்கள் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடியதும் உண்டு.

போனிலேயே "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஓடா தளமா, எத்தனை மாடி, ஏணி நிக்க இடம் இருக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. ஆளைப் பாக்காமலே சட்டை தைக்கச் சொல்றீங்களே!"

எல்லாவற்றையும்விட, எத்தனை மழையாக ஒழுகுகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். நாள்பட்ட ஒழுகல் உள்ளிருக்கும் கம்பியைத் தின்றுவிடும், செலவு எகிறும். அதனால் எல்லோரும் வாய் கூசாமல் "போன வாரம்தான்" என்பார்கள். ஒவ்வொரு மழைக்காலமும் கறையைச் சுற்றி ஒரு பழுப்பு வளையத்தை விட்டுப்போவது அவர்களுக்குத் தெரியாது. அதை எண்ணிச் சொல்லி மானத்தை வாங்குவதில் அவருக்கு அலாதி சந்தோஷம்.

தையல்கார அக்காவும் போன வாரம் என்றுதான் சொன்னார். மேலே ஏழு வளையங்கள். தரையில் தையல் மெஷினின் கால்கள் தேய்த்த தடங்கள், கறைக்கு நேர் கீழே ஜன்னலடியில் தொடங்கி, இருட்டு மூலைவரை இடம் மாறி மாறிக் கிடந்தன. ஏழு வருடமாக வெளிச்சத்தை விட்டு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார். கூரைக்காரர் வாய்வரை வந்த கணக்கை விழுங்கிக்கொண்டார்.

மேலே ஏறித் தட்டிப் பார்த்தார். நீளமான விரிசல், நல்லவேளை, கம்பி தப்பித்திருந்தது. இறங்கியபோது அக்கா போனை நீட்டினார். பேசும் இடத்தைக் கையால் பொத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி பேசுறான். ரொம்ப நாளா ஒழுகுதுன்னு தெரிஞ்சா வீட்டப் பூட்டிட்டு அவன்கூட வந்துடச் சொல்லுவான். அங்க மெஷினுக்கு இடமில்லீங்க."

"பழைய ஒழுகலா?" போனுக்குள் தம்பி அதட்டினார்.

கூரைக்காரர் வளையங்களை ஒருமுறை பார்த்தார்.

"சேச்சே, போன வாரத்து ஒழுகல்தாங்க. தளம் கெட்டியா இருக்கு. ரெண்டு மூணு நாள் வேலை, அவ்வளவுதான்."

மூன்றாம் நாள், அடைத்த விரிசலின் மேல் தண்ணீரைத் தேக்கிவிட்டு, கீழே வந்து வழக்கம்போல் படுத்தார். வெகுநேரம் ஆகியும் ஒரு சொட்டுக்கூட இல்லை. சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தவர், மூலையிலிருந்த மெஷினை மூச்சுப் பிடித்துத் தூக்கிவந்து, ஜன்னலடியில் இருந்த மிகப் பழைய தடத்தில் நான்கு கால்களையும் பொருத்தி வைத்தார்.