கார்பன் நகலும் கண்டமங்கலம் லாரியும்

ஓய்வு பெற்றபின் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் ஒரு அட்டை விளையாட்டு. கண்டமங்கலத்திலிருந்து திண்டிவனம் வரை சாலைகளை வரைந்து, நாற்பது ஊர்களுக்கு எண் போட்டேன். ஆடுவது இரண்டு பேர். ஒருவர் லாரி. பில் இல்லாத சரக்கோடு திண்டிவனம் போய்ச் சேரவேண்டும். எங்கே நிற்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் தன் நோட்டில் ரகசியமாக எழுதிக்கொள்வார். மற்றவர் ஜீப். லாரி நிற்கும் ஊரில் போய் நின்றுவிட்டால் வெற்றி.

விதிகள் பதினெட்டு. ஆறாவது என் பெருமைக்குரியது: ஜீப் முதலில் எந்த ஊரில் சோதனை என்று உத்தரவு எழுதவேண்டும், பிறகு லாரி நகரும், அதன்பின்தான் ஜீப் கிளம்பும். உத்தரவின் அசலை நாலாக மடித்து அட்டைமேல் வைப்பேன். நகல் கார்பன் புத்தகத்திலேயே இருக்கும். வணிகவரிப் பறக்கும் படையில் முப்பது வருடம் அப்படித்தான் செய்தேன்.

ஆடிப் பார்க்க நான் தேர்ந்தெடுத்த ஆள் அந்தப் படையில் என் ஜீப்பை ஓட்டியவர். காரணம் நட்பு மட்டுமல்ல. அந்த நாளில் தொடர்ந்து நான்கு லாரிகள் எங்கள் கையிலிருந்து நழுவின. ஜீப் ஓட்டுபவர்தான் லாரிக்காரர்களுக்குத் தகவல் சொல்கிறார் என்று மேலதிகாரிக்கு ரகசியக் கடிதம் எழுதினேன். அவரை ஜீப்பிலிருந்து இறக்கி இரண்டு வருடம் அலுவலக வாசலில் உட்காரவைத்தார்கள். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது என நம்பியிருந்தேன். நான் எழுதியது உண்மைதானா என்பது மட்டும் எனக்கே தெரியவில்லை. விளையாட்டில் லாரியை அவர் கையில் கொடுத்தால், ஏமாற்றுகிற ஆளா என்று தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமைதோறும் விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஐந்து வாரம். ஒருமுறைகூட லாரி சிக்கவில்லை. நோட்டில் திருத்துகிறாரோ என்று பார்த்தேன். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையை வறுத்துக் கொண்டுவரும் அவர் மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று ஜாடை காட்டுகிறாரோ என்று நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன்.

"இன்னா சார், செவுத்தோட செவுரா ஒட்டிக்கினீங்க? இன்னிக்கும் கோட்டை விட்டாச்சா?" என்றார் அந்த அம்மாள்.

ஆறாவது வாரம் பொறுமை போய்விட்டது. "ஏம்ப்பா, உண்மையைச் சொல்லு. நான் எங்கே வரேன்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"நீங்கதான் எழுதிக் காட்றீங்களே சார்."

"அசல் என் கைக்கு அடியிலே இருக்கு!"

"நகலு?" அவர் மல்லாட்டைத் தோலால் சுட்டினார். மேசையில் கார்பன் புத்தகம் விரிந்து கிடந்தது. நீல எழுத்தில், என் அழகான கையெழுத்தில்: எண் 22, மயிலம்.

புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். அவர் நிறுத்தவில்லை.

"ஜீப்புலயும் அப்டித்தான். அசலை சட்டைப் பையில வெச்சிக்கினு, புஸ்தகத்தை முன்கண்ணாடி கீழ போட்டுட்டு டீ குடிக்க எறங்குவீங்க. கடைக்கு வர்றவன் போறவன்லாம் படிச்சிக்கினு போவான். உள்ள வையுங்க சார்னு எத்தினி வாட்டி சொன்னேன்? புஸ்தகம் வண்டியிலதான் இருக்கணும், அதுதான் ரூலுன்னீங்க."

சொன்னார்தான். அதிகப்பிரசங்கித்தனம் என்று அதையும் கடிதத்தில் சேர்த்திருந்தேன்.

"உன்மேலே ஒரு கடிதம் போச்சே," என்று ஆரம்பித்தேன். "அதை எழுதினது..."

"அதுக்கும் நகல் எடுத்தீங்க சார். அதே புஸ்தகத்துல."

உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அந்த அம்மாளுக்கும் தெரியும் போலிருக்கிறது. தெரிந்தே ஆறு வாரமாக எனக்கு மல்லாட்டை வறுத்திருக்கிறார்.

"தப்புதான்ப்பா," என்றேன். முப்பது வருடத்தில் எந்தக் கோப்பிலும் நான் எழுதாத வார்த்தை.

அவர் தலையாட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தன் நோட்டை என் பக்கம் தள்ளினார். "இந்த வாட்டி நீங்க லாரி ஓட்டுங்க. நான் ஜீப்பு."

நோட்டில் அவருடைய ஆறு வார நகர்வுகளும் வரிசையாக இருந்தன. எங்காவது அழித்து எழுதியிருக்கிறாரா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு எண்கூடத் திருத்தப்படவில்லை. அடுத்த பக்கத்தையும் தூக்கினேன்.

"நிதானமா பாருங்க சார்," என்றார். "வேணும்னா அதையும் நகல் எடுத்துக்கினு போங்க."