லண்டனில் சரியாக இருந்த தராசு

ஸ்டெல்லா மிஸ் அன்று முதலில் தராசைச் சந்தேகித்தாரா, அந்தப் பெண்ணை நம்பினாரா? எனக்குத் தெரியாது. இனி கேட்கவும் முடியாது. போன வாரம் வகுப்புக்குள் நுழையும்போது அவருடைய தம்பியிடமிருந்து செய்தி வந்தது. பூன் லே வட்டாரத்தில் இருந்த தன் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். இந்த ‘போய்விட்டாராம்’ அவருக்குப் பிடிக்காது. யார் பார்த்தது என்று கேட்டிருப்பார்.

பாலிடெக்னிக்கில் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்து இயற்பியல் நடத்தினோம். நான் எதையும் எளிதில் நம்பாதவள் என்பார்கள். அவரோ, மின்தூக்கியில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருப்பதைக்கூட நம்பமாட்டார். ஒருமுறை ஐரோப்பா போய்விட்டு வந்து, அங்கே எடை கூடிவிட்டதாகச் சொன்னேன். “கொஞ்சம் பூமி பண்ண வேலை, மிச்சம் கேக். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லு பாப்போம்” என்றார்.

ரோஸியை அவருக்கு மாதா கோயிலில் தமிழ்ப் பூசையில் பழக்கம். ஊரிலிருந்து வந்து, இங்கே தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தாள். முதலாளியின் அண்ணன் லண்டனில் கடை வைத்திருந்தார். அண்ணன் தம்பிக்குள் தகராறு வரக்கூடாது என்று ஒரே மாதிரி இரண்டு மின்னணுத் தராசுகளை அங்கேயே வாங்கி, அங்கேயே சரிபார்த்து, ஒன்றை இங்கே கொண்டுவந்தார்கள். அதன்பின் அண்ணன் அனுப்பிய முதல் ஒரு கிலோ வளையல், இங்கே மூன்று கிராம் குறைந்தது. அண்ணனைச் சந்தேகிக்க முடியாது. லண்டன் தராசைச் சந்தேகிக்க முடியாது. பெட்டியைப் பிரித்தவள் ரோஸி. திருட்டை ஒப்புக்கொள்ளாவிட்டால் வேலை அனுமதியை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார் முதலாளி.

ஸ்டெல்லா மிஸ் ஆய்வகத்தின் ஒரு கிலோ எடைக்கல்லோடு கிளம்பினார். நானும் போனேன். அந்தப் பெண் அழாமல் நின்றதே எனக்குச் சரியாகப் படவில்லை. கல்லைத் தராசில் வைத்தார். அதிலும் மூன்று கிராம் குறைந்தது.

தராசு தங்கத்தை அளப்பதில்லை, பூமி அதை இழுக்கும் இழுப்பைத்தான் அளக்கிறது என்று விளக்கினார். நம் ஊர் பூமியின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது; பூமி அங்கே புடைத்திருக்கிறது; சுழலும் வேகமும் இங்கேதான் அதிகம். அதனால் லண்டனைவிட இங்கே இழுப்பு கொஞ்சம் குறைவு. தராசை இங்கே மறுபடி சரிசெய்திருக்க வேண்டும்.

முதலாளி தலையாட்டவில்லை. “அதே தங்கம், அதே மிஷின். எப்படி மிஸ் குறையும்?”

“இதே மிஷின நிலாவுக்குக் கொண்டுபோங்க. ஒரு கிலோவ நூத்தி அறுபத்தஞ்சு கிராம் சொச்சம்னு காட்டும். வியாழன்ல ரெண்டரைக் கிலோன்னு காட்டும். தங்கம் அப்படியேதான் இருக்கும். நிலாவுல யாரைப் பிடிச்சு உள்ள போடுவீங்க?”

அவர் கல்லையே பார்த்தார். “ஒங்க கல்லு சரின்னு யார் சொன்னா?”

எனக்குக் கோபம் வந்தது. ஸ்டெல்லா மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. “இது கேள்வி லா. நீங்க நம்புற ஆள்கிட்ட நாளைக்கு வேற கல்லு வாங்கி வைங்க. நான் வரமாட்டேன்.” என் பக்கம் திரும்பினார். “நாளைக்கு நீ வந்து பாரு. நீயும் அவள சந்தேகப்படுற ஆளுதானே.”

நான் வாயைத் திறந்து எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வெளியே நடக்கும்போது அவர் சொன்னதை இன்றும் மனதில் வைத்திருக்கிறேன்: “ஆள சந்தேகப்படுறதுக்கு முன்னாடி கருவிய சந்தேகப்படு. கருவிய சோதிக்கும்போது என்னையும் விட்டுடாத.” அதனால்தான் அவரைப் பற்றிய கேள்வியோடு இதைத் தொடங்கினேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

மறுநாள் முதலாளி எதிர்க்கடையிலிருந்து ஒரு எடைக்கல்லையும், அவர்களுடைய தராசையும் வாங்கி வந்தார். லண்டன் தராசில் அந்தக் கல்லும் மூன்று கிராம் குறைந்தது. இங்கேயே சரிசெய்திருந்த எதிர்க்கடைத் தராசில் கல் சரியாக இருந்தது. வளையல்களும் ஒரு கிலோ இருந்தன. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. வளையல் தட்டை ரோஸியிடம் நீட்டி, உள்ளே வைக்கச் சொன்னார். அவள் கை நீட்டவில்லை.

“என் முன்னாடி இன்னொரு தடவ எடை போடுங்கண்ணே. பாத்துட்டு வாங்கிக்கிறேன்.”

அவர் எடை போட்டார்.