ரோபோவுக்கு வைத்த சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைப் பலகையில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்பதை அப்பாதான் முடிவு செய்வார். சோறு போடுகிற சாமானுக்கு மட்டுமே அங்கே இடம். அப்பாவின் ஸ்பேனர் செட், சுத்தியல், அரம், அம்மாவின் தையல் மெஷின் கத்தரி, எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்கள். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது சாவி கொடுத்தால் ஓடும் என் காரை யாருக்கும் தெரியாமல் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தேன். அப்பா அதை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். "விளையாட்டுச் சாமானை இங்கன வைக்கக் கூடாதுட்டி" என்றார். திட்டவில்லை. ஆனாலும் அன்று நான் பொரிகடலை தின்ன மறுத்துவிட்டேன். கோபம் வந்தால் முதலில் தின்பண்டத்தைத் தள்ளிவிடுகிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது.

அப்பா கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். மெஷின் நின்றால் ஓட வைப்பது அவர் வேலை. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற ஒரு பிரஸ்ஸில் கட்டிங் பிரிவில் இருந்தேன். அந்த நாட்களில்தான் நாமே பாகம் பாகமாகப் பொருத்திக்கொள்கிற ரோபோ ஒன்று வந்து சேர்ந்தது. ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை முற்றி ஆன்லைனில் வரவழைத்தேன். பிளாஸ்டிக் சட்டத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகக் கத்தரித்து எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒன்றோடொன்று பொருத்தினால் ஒரு சாண் உயரத்தில் கை கால் மடக்குகிற ரோபோ நிற்கும். பசைகூட வேண்டாம். மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டேன்.

முடித்ததும் ஏமாற்றமாகிவிட்டது. பெட்டியின் மேல் இருந்த படத்தைப் போல அப்படியே இருந்தது. வெள்ளையும் நீலமுமாக, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பினவனைப் போலப் பளபளவென்று நின்றது. உழைக்கிற மெஷின் இப்படியா இருக்கும்? நான் பார்த்து வளர்ந்த எந்த மெஷினும் இப்படி இருந்ததில்லை. சரி, இதை வேலைக்குப் போகிற ஆளாக மாற்றிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

பழைய டப்பா மூடிகளை வெட்டித் தோளிலும் தொடையிலும் தகடு ஒட்டினேன். எரிந்து காந்தல் அடித்த மோட்டாரில் இருந்து செம்புக் கம்பி எடுத்து முதுகில் குழாய் ஓட்டினேன். மருந்து முக்காத தீக்குச்சி எங்கள் ஊரில் கேட்டால் கை நிறையக் கிடைக்கும். அதை நறுக்கி ஏணி செய்தேன். பிரஸ்ஸில் கழித்துப் போட்ட லேபிள்களில் இருந்து பொடி எழுத்துகளை வெட்டி மார்பில் எச்சரிக்கை வாசகம் ஒட்டினேன். தகடுகளுக்கு ரிவெட் வேண்டியிருந்தது. அவ்வளவு சின்ன உருண்டைக்கு எங்கே போவது? அம்மாவின் டப்பாவில் கேப்பை இருந்தது. கேழ்வரகு என்று எழுதினால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். ஒவ்வொரு மணியாக ஊசி முனையில் எடுத்து வரிசையாக ஒட்டிப் பெயின்ட் அடித்தேன். நூற்றுக்கு மேல் இருக்கும். கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாகக் கழுத்து வலித்ததில்லை.

அடுத்தது அழுக்கு. ஆசாமி எங்கள் ஊரில் வேலை பார்க்கிறவன், ஆகவே எங்கள் ஊர் அழுக்குத்தான் அவன் மேல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இடைசெவல் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் வண்டியை நிறுத்திக் கரிசல் மண்ணைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு வந்தேன்.

வாசலில் பார்த்த அப்பா, "மண்ணை எதுக்குட்டி கட்டிட்டு வாரே?" என்றார்.

"ரோபோ மேல பூசணும்ப்பா."

"பொம்மைக்குச் சேறா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

குழைத்துப் பூசினேன். ஈரத்தில் அருமையாக இருந்தது. காய்ந்ததும் கரிசல் தன் குணத்தைக் காட்டிவிட்டது. பாளம் பாளமாக வெடித்து, நான் அடித்த பெயின்ட்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிற மண்ணைப் பிறந்ததில் இருந்து பார்க்கிறவள் நான். எனக்கு இது உறைக்கவில்லை. திரும்பவும் அதே வெள்ளையும் நீலமும் அடித்து, இந்த முறை மண்ணைப் புடவைத் துணியில் சலித்து, உலர்ந்த பொடியாகவே பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஏற்றினேன். பழைய இரும்பைச் சுரண்டித் துருவும் சேர்த்தேன். தகடுகளுக்கு இடையிலும் நெற்றியிலும் ஊசியால் கீறியிருந்த கோடுகளில் பொடி போய் உட்கார்ந்ததும், ஆசாமி பத்து வருஷம் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து நிற்பதைப் போல ஆகிவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவனைப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கும்படி ஃபோனில் போட்டேன். சென்னையில் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் சின்ன மாதிரிகள் செய்கிற ஒரு பட்டறையில் இருந்து அழைத்தார்கள். நடத்துகிறவர் ஒரு அம்மா. "நேர்ல கொண்டு வாங்க. உழைச்சுத் தேஞ்ச மாதிரி இருக்கில்ல, அதைக் கையில பார்க்கணும்" என்றார். ஆயுத பூஜை கழிந்து மூன்றாம் நாள் வரச் சொன்னார். பிடித்திருந்தால் வேலை.

அப்பாவிடம் சொன்னேன். "பொம்மை செய்யவா மெட்ராஸ்க்குப் போகப் போறே?" என்று கேட்டார். வேலைதான்ப்பா என்றேன். "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் நடக்காது என்று அர்த்தம். பாலிடெக்னிக்கில் இருந்து மதுரைக்கு டூர் போகக் கேட்டபோதும் அதே பாப்போம்தான். ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். அதைவிட, நான் செய்வது வேலைதான் என்று அப்பா வாயில் இருந்து ஒரு சொல் வர வேண்டும். இப்போது நினைத்தால் இரண்டாவதுதான் பெரிதாக இருந்திருக்கிறது.

ரோபோவுக்கு ஒரே ஒரு வேலை பாக்கி. மண்பொடி உதிராமல் இருக்க மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டிருந்தது. காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். ஒரு வெயில் நாளுக்காகக் காத்திருந்தேன்.

பூஜையன்று காலையில் பிரஸ்ஸுக்குப் போய்விட்டேன். அங்கேயும் பூஜை. கட்டிங் மெஷினை நானேதான் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பொரிகடலைப் பொட்டலத்தோடு வீடு திரும்பியபோது பத்தி வாசனை வாசல் வரை வந்தது. பலகையில் ஸ்பேனர்கள் சைஸ் வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. நடுவில், வழக்கமாக அப்பாவின் பெரிய சுத்தியல் இருக்கிற இடத்தில், என் ரோபோ நின்றது.

வெள்ளையும் நீலமுமாகப் பளிச்சென்று நின்றது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. நெற்றியில் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். கழுத்தில் ஒரு முழம் கதம்பம்.

அப்பா முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தியா, எப்படி இருக்கு? சோப்புத்தூள் போட்டுப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால இண்டு இடுக்கெல்லாம் எடுத்தேன். மூணு தண்ணி மாத்தியாச்சு. சின்னச் சாமான் கொஞ்சம் கழண்டுச்சு, ஒண்ணும் தொலையலை" என்று ஒரு டப்பா மூடியை நீட்டினார். அதில் ஊறிப் பருத்த பத்துப் பன்னிரண்டு கேப்பை மணிகள். "இது கேப்பைலா?" என்று கேட்டார். அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

நான் என்ன பேசினேன் என்பது முழுக்க நினைவிருக்கிறது. மறந்திருந்தால் நல்லது.

"நீங்க கழுவினது அழுக்கு இல்லப்பா, என் ஒரு மாச உழைப்பு. நாளான்னைக்கு இதை எப்படிக் கொண்டுபோவேன்? நான் போகக் கூடாதுன்னுதானே செஞ்சீங்க?"

"ஏட்டி, மெஷின்ல அழுக்கு இருந்தா, பாத்துக்கிட ஆளில்லாத மெஷினுன்னு அர்த்தம். அதான்…"

"ஒண்ணும் தெரியாம எதுக்குத் தொடுதீங்க? இனிமே என் சாமான் எதையும் தொடாதீங்க."

பலகையில் இருந்து ரோபோவைப் பிடுங்கியதில் கதம்பம் அறுந்து ஸ்பேனர்கள் மேல் சிதறியது. அப்பா குனிந்து பூவைப் பொறுக்கினார். பொரிகடலையை நான் தொடவில்லை.

மத்தியானம் அம்மா என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அவிய ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தாவ. இதைப் பலகைல வச்சா சரியா வருமான்னு என்கிட்டயே நாலு தடவை கேட்டாவ. காலைல எந்திரிச்சு, 'பிள்ளையோட தொழில் சாமான்லா, வைக்கணும்லா'ன்னு சொல்லிட்டுக் கழுவ எடுத்தாவ" என்றாள்.

நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். நான் இல்லாத நேரத்தில் சொல்லப்பட்டு, செய்தும் முடிக்கப்பட்டிருக்கிறது. அப்போதே எழுந்து போய் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். வீம்பு விடவில்லை. ரோபோவை வைத்துக்கொண்டு மறுபடி மண் சலிக்க உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை நாளில் முடிந்த மட்டும் அழுக்கேற்றினேன். நெற்றிச் சந்தனத்தைத் துடைத்தாலும், கீறின கோடுகளுக்குள் போனது வரவில்லை. ஊசியால் நோண்டிப் பார்த்தேன், கோடு அகலமானதுதான் மிச்சம். அதன் மேலேயே மண்ணைத் தட்டினேன்.

ரயிலடிக்கு அப்பாவும் வந்தார். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். வண்டி வந்தது. கூட்டம் முண்டியது. அப்பா என் பக்கத்தில் கையைத் தொங்கவிட்டபடி நின்று, "இந்தப் பையைத் தூக்கலாமா?" என்று கேட்டார்.

நான் சரி என்று தலையாட்டினேன். பையை உள்ளே வைத்துவிட்டு இறங்கிக்கொண்டார். மதுரை தாண்டுகிற வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

பட்டறை அம்மா ரோபோவை விளக்கடியில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நெற்றிக் கோட்டில் விரலை வைத்து, "இந்த மஞ்சள் என்ன? காய்ஞ்ச கிரீஸா?" என்று கேட்டார். சந்தனம் என்றேன். ஒன்றாம் தேதி சேரச் சொன்னார். சந்தனத்துக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார் என்று நானாகக் கதை கட்டிக்கொள்ள ஆசைதான். கேப்பை ரிவெட்டுக்காக எடுத்தேன் என்று பிற்பாடு அவரே சொல்லிவிட்டார்.

தொடாதீங்க என்று நான் சொன்னதை அப்பா அப்படியே பிடித்துக்கொண்டார். சாமான் கட்ட ஊருக்குத் திரும்பியிருந்த அந்த நாட்களில் என் ஸ்கூட்டியின் டயர் காற்று இல்லாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காற்று நிரப்பி, செருப்பில் வார் அறுந்தால் தைத்து வைத்து, ஃபோன் சார்ஜர் வயரில் டேப் சுற்றி, என் பொருளையெல்லாம் எனக்குத் தெரியாமலே ஓட வைத்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது மேசையில் கிடந்த என் பேனாவைக்கூட நகர்த்தாமல் பேப்பரை ஓரமாக விரித்துப் படித்தார். கோபத்தில் இல்லை. எது கைபட்டால் கெட்டுப்போகும் என்று தெரியாத மெஷின் பக்கத்தில் நிற்கிற ஃபிட்டரின் ஜாக்கிரதை அது. அதுதான் தாங்க முடியவில்லை.

மறு வருஷம் பூஜைக்கு ஊருக்கு வந்தேன். பையில் ரோபோவும் வந்தது. பூஜைக்கு இதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முதலிலேயே நினைத்திருந்ததால் சென்னையில் அதற்கு வார்னிஷே அடிக்கவில்லை. ஒரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் துரு, புகைக்கரி, மண் என்று ஏற்றியிருந்தேன். பட்டறையில் எல்லோரும் எடுத்துப் பார்க்கிற அளவுக்கு நன்றாக வந்திருந்தது.

காலையில் அப்பா பலகையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அரம் ஒரு பக்கம், கத்தரி ஒரு பக்கம். நடுவில் ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். பெரிய சுத்தியல் ஓரமாகத் தள்ளிக் கிடந்தது. என்னைப் பார்த்தார்.

நான் ரோபோவை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்குப் போனேன். சோப்புத்தூளைக் கரைத்தேன். பழைய பிரஷ்ஷால் தோள், முழங்கால், முதுகுக் குழாய் எல்லாவற்றையும் தேய்த்தேன். ஒரு வருஷத்து அழுக்கு கறுப்பாகக் கரைந்து ஓடியது. மூன்று தண்ணீர் மாற்றினேன். கழன்ற கேப்பை மணிகளை ஒரு மூடியில் பொறுக்கிப் போட்டேன். துண்டால் ஒற்றி எடுத்துக்கொண்டு திரும்பியபோது அப்பா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, உன் வேலைலா அது. எதுக்குக் கழுவுனே?" என்றார்.

"பாத்துக்கிட ஆள் இருக்குல்லப்பா" என்று ரோபோவை நீட்டினேன்.

அப்பா உடனே வாங்கவில்லை. கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்தார். வாங்கிப் பலகையின் நடுவில் நிறுத்தினார். சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துவிட்டு, ரோபோவின் முகத்துக்கு நேரே கையை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"எங்கன வைக்கட்டும்?"

நான் குனிந்து, பழைய சந்தனம் இன்னும் மஞ்சளாகத் தெரிந்த கோட்டைக் காட்டினேன்.