இரண்டாவது போல்ட்

செய்தி சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது. எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் மீரான் பாய் கைப்பேசியில் அழைத்தார். "சார், பேச்சியம்மா டீச்சர் தவறிட்டாங்க சார். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருக்காங்க. கல்லுப்பட்டிக்கு முன்னாடியே, கார்ல போகும்போதே..." அந்த இடத்தில் நல்ல மனிதன் ஒருவன் என்ன கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டது வேறு. "பிரேக்கா பாய்?" என்றேன். "என்ன சார்?" என்றார் அவர். நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவருடன் வேலை பார்த்தவர்களும் அவரிடம் வணிகவியல் படித்தவர்களும்தான் பெரும்பாலும் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. அதற்கு இருபது நாட்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தல்லாகுளத்தில் அவர் வீட்டு வாசலில் வைத்து அவர் காரின் முன்சக்கர பிரேக்கைக் கழற்றி மாட்டினோம். அன்று அதன் இரண்டு போல்ட்களையும் இறுக்க வேண்டியவன் நான். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அவரை நான் கொன்றுவிட்டேனோ என்ற பயம்.

பேச்சியம்மாள் டீச்சரை நான் நெருங்கிப் பழகியதே என் காரின் கிறீச்சுச் சத்தத்தால்தான். பள்ளி வாசலில் நான் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஒன்பதாம் வகுப்பு பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒருநாள் அவர் வந்து புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். "சார், பிரேக் கட்டை தேஞ்சு இரும்பும் இரும்பும் உரசுது. நீங்க பாட்டுக்குத் தமிழ் இலக்கணம் நடத்திக்கிட்டு இருக்கீங்க" என்றார். அவருடைய காரை அவரே வீட்டில் வைத்துப் பழுது பார்க்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் தந்தை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியதும் முதலில் கார் வாங்கியதும் இவர்தான். "படிச்சுத்தானே சார் பி.எட். வாங்குனோம்? இதையும் படிச்சா வராதா?" என்பார். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. தைரியம் முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டு எனக்குக் கொஞ்சமும் மிச்சம் வைக்கவில்லை.

சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துவதுதான் பிரேக். அந்தக் கவ்வியை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்கள். மழைத் தண்ணீரும் தெருச் சேறும் பட்டுப்பட்டு அவை துருவேறி ஒட்டிக்கொள்ளும். என் காரில் முதன்முதலாக அதைக் கழற்ற முயன்றபோது, நான் ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கியும் அசையவில்லை. தூக்கி நிறுத்திய வண்டி என் மேல் சரிந்து விழும் என்று எனக்கு உள்ளூர நடுக்கம். டீச்சர் அவசரப்படவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டை முட்டுக் கொடுத்தார். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் தள்ளி வைத்தார். போல்ட்டைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டு, உள்ளே போய்க் குழம்பைத் தாளித்துவிட்டு வந்தார். பிறகு எதிர்ப்பக்கமாக, இறுக்குவதுபோல ஒரு மயிரிழை அழுத்தினார். அதன் பிறகே கழற்றும் பக்கம் இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். நான் துள்ளி எழுந்து நின்றேன். அவர் சிரித்தார். "கழற மாட்டேங்குதேன்னு பயப்படாதீங்க சார். லேசா கழண்டுச்சுன்னாத்தான் பயப்படணும்."

அது என்ன பயம் என்பதை நானே அவருக்குக் காட்டினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, எல்லாம் தெரிந்துவிட்ட மிதப்பில், என் வீட்டில் தனியாக பிரேக் வேலை பார்த்தேன். மேல் போல்ட்டை விரலால் திருகி மாட்டியிருந்த நேரம், என் மனைவியின் பெரியப்பா குடும்பத்தோடு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்துவிட்டார். எங்கள் பக்கம் பத்திரிகையை எண்ணெய்க் கையோடு வாங்கிவிட முடியாது. கையை சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டி மாற்றி, மனைவியோடு ஜோடியாகக் கிழக்கே பார்த்து நின்று, தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். காபி, பலகாரம், மாப்பிள்ளை வீட்டைப் பற்றிய முழு விவரம். அவர்களைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கீழ் போல்ட்டை இறுக்கி, சக்கரத்தை மாட்டிவிட்டேன். மேல் போல்ட்டை மறந்தே போனேன்.

ஒரு மாதம் அந்த வண்டியை ஓட்டினேன். மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு அழகர்கோவில் மலைப்பாதையில் ஏறி இறங்கினேன். ஏதோ கடகடவென்று சத்தம் வருகிறதே என்று டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைக் கழற்றி உள்ளே கையை விட்டார். ஸ்பேனர் தேவைப்படவில்லை. இரண்டு விரலால் அந்தப் போல்ட்டைத் திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாப்பாவும் வண்டில இருந்துச்சா சார்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை மலைப்பாதையின் வளைவுகளில் மனத்துக்குள் இறங்கியிருக்கிறேன்.

மறுநாளே அவர் கோரிப்பாளையத்தில் ஒரு ஃபேன்சி கடையில் சிவப்பு நகப்பூச்சு வாங்கி வந்தார். நகத்தில் ஒருநாளும் பூசாதவர் என்பது உங்களுக்குத் தெரியும். இறுக்கி முடித்த போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுக்க வேண்டும். யார் கை இறுக்கியதோ அந்தக் கைதான் கோட்டையும் போட வேண்டும். நடுவில் யார் வந்தாலும், பத்திரிகையே வந்தாலும், கோடு போடாமல் எழுந்திருக்கக் கூடாது. "கோடு இல்லாத போல்ட்டு, மாட்டாத போல்ட்டுதான் சார்" என்பார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவர் வண்டியின் போல்ட்கள் அன்று மிகவும் சண்டித்தனம் செய்தன. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, மாற்றி மாற்றி இழுத்து இரண்டையும் கழற்றினோம். மாட்டும் நேரம் வந்தபோது டீச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. "கை குடையுது சார். தோள்ல இருந்து முழங்கை வரைக்கும். நீங்களே இறுக்கிருங்க" என்றார். நான் கேலி செய்தேன். "கடைசில போல்ட்டு உங்களை ஜெயிச்சிருச்சு டீச்சர்" என்றேன். அவரும் சிரித்தார். முதல் போல்ட்டை இறுக்கிக் கோடு போட்டேன். இரண்டாவதில் ஸ்பேனரை வைத்தபோது, "சார், கொஞ்சம் தண்ணி தாறீங்களா?" என்றார். எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். திரும்பிவந்து சக்கரத்தை மாட்டினேன்.

இரண்டாவது போல்ட்டை இறுக்கினேனா? மாடிப்படியில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்தேன். கோடு போட்டதாக நினைவில்லை. தண்ணீர்ச் செம்பு நினைவிருக்கிறது, சக்கரத்தைத் தூக்கியது நினைவிருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை.

அன்று மதியம் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு வேனில் அவர் ஊருக்குப் போனோம். திருமங்கலம் தாண்டியதிலிருந்து நான் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். உடைந்த கண்ணாடித் தூள், முறிந்த மரக்கிளை, டயர் இழுபட்ட தடம், எது கண்ணில் படுமோ என்று ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. சக ஆசிரியர்கள் டீச்சரைப் பற்றி நல்லதாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. அந்த வீட்டில் இறங்கியதும் அவர் கணவர் தவமணி என் கையைப் பிடித்துக்கொள்வார், அந்தக் கையை எப்படி நீட்டுவது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரின் தம்பிதான் சொன்னார். "அக்கா வண்டியை ரோட்ட விட்டு இறக்கி, புளியமரத்தடியில ஒழுங்கா நிப்பாட்டிருக்கு சார். ஹேண்ட்பிரேக்கும் போட்டுருக்கு. இண்டிகேட்டர் மினுக்கிக்கிட்டே இருந்துச்சாம். ஆடு மேய்க்கிறவுக பார்த்துட்டு ஆளக் கூப்பிட்டிருக்காக. நெஞ்சுவலின்னு டாக்டர் சொல்லிட்டாரு." வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. பிரேக் பிடித்திருக்கிறது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவர் உடல் பத்தடி தூரத்தில் கிடக்க, நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த ஒரு மூச்சுக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

ஆனால் தம்பி பேச்சை முடிக்கவில்லை. "முன்கூட்டி எடது கை வலிக்குதுன்னு ஏதும் சொன்னாங்களான்னு டாக்டர் கேட்டாரு சார். எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல" என்றார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறுபடி பார்த்தேன். நீளக் குழாயைப் பிடித்து அவர் இழுத்தது வலது கையால். சுவரில் சாய்ந்து அவர் பிடித்துக்கொண்டிருந்தது இடது கையை. பக்கத்தில் இருந்து இரண்டையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். அங்கே அப்போது வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தவமணி அண்ணன் தல்லாகுளம் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். கட்டி இழுத்துவந்த வண்டி வாசலில் நின்றது. அவர் பேருந்து நடத்துநர், அதிகம் பேசாதவர். "மாமியாரை மதுரைக்குக் கூட்டியாந்து வச்சுக்கலாம்னு இருக்கேன் சார். அந்த வண்டியில கூட்டியாரலாமா? பிரேக் வேலை பார்த்தது நீங்க ரெண்டு பேருதானே. உங்களைக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார். வண்டி நல்லபடியாகத்தான் நின்றது என்று சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். முடியவில்லை. ஜாக்கி, ஸ்டாண்ட், ஸ்பேனர், நகப்பூச்சு எல்லாம் கேட்டு வாங்கி, சக்கரத்தைக் கழற்றினேன். முதல் போல்ட்டில் சிவப்புக் கோடு இருந்தது. இரண்டாவதில் இல்லை.

ஸ்பேனரை வைத்து இழுத்தேன். அசையவில்லை. இன்னும் இழுத்தேன். முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். குழாயைச் செருகி ஒரு காலைச் சுவரில் உதைத்து இழுத்தபோதுதான் டக்கென்று விட்டது. இறுக்கித்தான் இருந்திருக்கிறேன். அதை மறுபடி இறுக்கி, சிவப்புக் கோடும் போட்டுவிட்டு, தெருவில் போகிறவர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதேன். பிறகு தவமணி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கை வலித்ததை, வியர்த்ததை, தண்ணீர் கேட்டதை, நான் கேலி செய்ததை. எதைச் சொல்லி அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் சொன்னேன்.

அவர் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எங்கிட்டயும் சொன்னா சார்" என்றார். "போல்ட்டைப் பிடிச்சு இழுத்ததுல சுளுக்கிருச்சுன்னு சொன்னா. நானும் தினம் தைலம் தேச்சுவிட்டேன். மச்சினங்கிட்டகூட இதைச் சொல்லல. நீங்களாச்சும் சொன்னீங்க." அதன் பிறகு இருவரும் சேர்ந்து சக்கரத்தை மாட்டினோம். அவர் நட்டுகளைத் திருக, நான் இறுக்கினேன்.

டீச்சரின் பாடக் குறிப்பேடுகளைப் பள்ளி வைத்துக்கொண்டது. ஸ்பேனர்களை அவர் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டார். என்னிடம் இருப்பது பயம். அது அவரிடம் இருந்தபோது உதவியது. பயம் வந்தால் அவர் ஒதுங்கமாட்டார், எழுந்து வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுவார். அப்படி எனக்கும் வருகிறதா என்று பழகிப் பார்க்கிறேன். போன வாரம் ஆசிரியர் அறையில் நம் உடற்கல்வி ஆசிரியர் தோளைத் தடவிக்கொண்டு, ராத்திரி சரியாகப் படுக்கவில்லை என்றார். எந்தத் தோள் என்று கேட்டேன். இடது என்றார். அவர் எவ்வளவோ மறுத்தும் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், நெஞ்சுத் துடிப்பைப் பதிவு செய்து பார்க்க வைத்தேன். வெறும் வாயுப்பிடிப்பு. திரும்பி வந்து எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நீங்களும் சிரித்தீர்கள். சிரியுங்கள். நாளைக்கும் யாருக்காவது கை வலித்தால், என்னிடம் சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.