ஓரத்தில் உட்கார்ந்தாலும் தெரிகிற டிவி

ஏம்பலத்துத் தையலம்மாளின் வீட்டில் அவள் பார்த்து வாங்கிய பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. பீரோ அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதன் கண்ணாடி அவள் உயரத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது, பொட்டு வைக்க எக்க வேண்டும். கட்டில் மாமியார் போட்டது. மிக்சி அரசாங்கம் கொடுத்தது. செல்போன் மகன் புகழ்வேந்தன் பழசாக்கி அனுப்பியது. கதவில் இருக்கிற நீலம்கூட வேறு யார் வீட்டுக்கோ கலக்கி மிஞ்சியது என்று பெயின்டர் அடித்துவிட்டுப் போனான்.

இதை அவள் குறையாகச் சொன்னதில்லை. ஏனென்றால் வயலில் இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். பதினைந்து வருடமாக அவள் நடவு மேஸ்திரி. அவளுக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். எந்த நாற்றங்காலை இன்றைக்குப் பறிக்கலாம், எது இன்னும் நாலு நாள் நிற்கட்டும் என்று அவள் வரப்பில் நின்றபடியே சொல்வாள். நிலத்துக்காரர் மறுபேச்சுப் பேசமாட்டார். நெட்டப்பாக்கத்துப் பக்கம் ஒரு வயலைப் பார்த்து, "யூரியாவ அள்ளிக் கொட்டிட்டீங்களா? பச்ச கரும்பச்சையா நிக்குது. புகையான் வரப் போவுது" என்றாள். இரண்டே வாரத்தில் அந்தப் பூச்சி வந்தது. அதற்குப் பிறகு உரம் போடுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

ஐப்பசி மழையில், இடி இடித்த ஒரு சாயங்காலம், அவர்கள் வீட்டுப் பழைய பெட்டி டிவி 'பொட்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்தது. அவள் கணவர் நாகராஜன் அதன் முதுகில் நாலு தட்டு தட்டினார். வழக்கமாக அது கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஏழரை மணி சீரியலுக்கு நாலு வீடு தள்ளி, நாகராஜனின் அண்ணன் சிங்காரவேலு வீட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. சிங்காரவேலு போன தீபாவளிக்கு நாற்பத்து மூன்று இன்ச் வாங்கியிருந்தார். டிவிக்கு நேர் எதிரே அவருடைய நாற்காலி. மற்ற ஆண்கள் கட்டிலில். பெண்கள் சுவரோரமாகத் தரையில். அங்கிருந்து பார்த்தால் சீரியலில் வருகிற பெண்களின் முகமெல்லாம் சாம்பல் பூசியது போல வெளுத்துத் தெரியும். அழுகிறார்களா, சிரிக்கிறார்களா என்று வசனத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிங்காரவேலுவின் மனைவி செல்வகுமாரியும் அதே சுவரோரத்தில்தான் உட்காருவாள்.

ஒருநாள் தையலம்மாள் சொன்னாள்: "சம்பா நடவுக் காசுல நானும் ஒரு டிவி வாங்கிடலாம்னு இருக்கேன் மாமா."

சிங்காரவேலு டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாரு போய்ப் பாக்கறது?" என்றார்.

"நான்தான்."

அவர் நாற்காலியோடு திரும்பினார். "இன்னாம்மா, டிவி இன்னா நாத்து முடியா? தூக்கிப் பாத்து உதறிப் பாத்து வாங்கறதுக்கு? வெவரம் தெரிஞ்சவங்களக் கூட்டினு போ. இல்லாட்டி பையன உட்டு வாங்கச் சொல்லு. தலையில கட்டிடுவான்."

கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தையலம்மாளும் சிரித்துவைத்தாள். ஆனால் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள். இனி டிவி வாங்குவதென்றால் அதைத் தான்தான் பார்த்து வாங்குவது, ஏமாந்து வாங்கினாலும் சரி என்று அந்த நாலு வீட்டுத் தூரத்துக்குள் முடிவு செய்துவிட்டாள்.

மஸ்கட்டில் வேலை பார்க்கிற புகழ்வேந்தனுக்கு விஷயம் போனதும் ஒரே நாளில் மூன்று முறை கூப்பிட்டான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம். ஊரில் மழை என்றால் கரண்டுக் கம்பி அறுந்ததா என்பான். வெயில் என்றால் அப்பா மாத்திரை போட்டாரா என்பான்.

"எம்மா, இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. பேனல்னு ஒண்ணு இருக்குது, ரேம்னு ஒண்ணு இருக்குது, ரெசல்யூஷன் பாக்கணும், ரிவ்யூ படிக்கணும். நான் இங்கேருந்தே ஆன்லைன்ல போட்டுடறேன். வூட்டுக்கே வந்துடும்."

"நீ போட்டா அது உன் டிவிடா."

"யார் போட்டா இன்னாம்மா? நீதானே பாக்கப் போற?"

"அதான் சொல்றேன். நான்தானே பாக்கப் போறேன்."

கடைக்குப் போனால் வீடியோ காலில் தன்னைக் கூப்பிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் தையலம்மாளும் நாகராஜனும் வில்லியனூருக்குப் போனார்கள். கையில் பதினெட்டாயிரம். ஹாஜா மைதீன் கடையில் சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே படம்: யாரும் கண்ணால் பார்த்திராத ஒரு கிளி, பிறகு தேன் சொட்டுவது, பிறகு ஏதோ ஒரு நாட்டுப் பூத்தோட்டம். நாகராஜன் வாயைப் பிளந்துகொண்டு நாற்பத்து மூன்று இன்ச்சின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"தையலு, இதப் பாரேன். கிளி வெளிய வந்துடும் போலக்குது."

ஹாஜா மைதீன் ஐம்பதைத் தாண்டியவர். கல்லாவில் அவர் மனைவி நசீரா. ஹாஜா மைதீன் விலையைச் சொன்னார். அதிகம் பேர் கேள்விப்படாத கம்பெனியின் நாற்பத்து மூன்று, பதினேழாயிரத்துத் தொள்ளாயிரம். பக்கத்தில் இருந்த முப்பத்திரண்டு, பேர்பெற்ற கம்பெனி, பதினாறாயிரம்.

நாகராஜன் போனில் மகனைக் கூப்பிட்டுக் கையில் பிடித்துக்கொண்டார். "அப்பா, பின்னாடி ஸ்டிக்கர் இருக்கும், அதக் காட்டு" என்று போன் கத்தியது.

தையலம்மாள் கிளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தேனைப் பார்த்தாள். பிறகு ஹாஜா மைதீனிடம் திரும்பினாள்.

"பாய், இந்தக் கிளிய நான் பாத்ததில்ல. இது நல்லா தெரியுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நெல்லு வயல் எதுனா இருந்தா போடுங்க. ரெண்டுலயும் ஒண்ணே போடுங்க."

ஹாஜா மைதீனுக்கு இருபத்தைந்து வருட வியாபாரத்தில் இப்படி ஒரு ஆள் வந்ததில்லை. யூடியூபில் தேடி, பெண்கள் வரிசையாக நின்று நடுகிற ஒரு வீடியோவைப் போட்டார். நட்டு ஒரு மாதமான வயலும் அதில் வந்தது.

தையலம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சிறிய டிவியைக் காட்டி, "இது வேணாம்" என்றாள்.

"ஏன்க்கா?"

"இது யூரியா அள்ளிக் கொட்டின வயல் பாய். நட்டு ஒரு மாசத்துல இந்தப் பச்ச வரவே வராது. இந்த டிவி பொய் சொல்லுது."

கல்லாவில் நசீரா சிரித்துவிட்டாள். ஹாஜா மைதீன் சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்தார். "அக்கா, அது டிவியோட பச்ச இல்ல. நாங்க வெச்ச பச்ச. கடையில இவ்ளோ டியூப் லைட்டு எரியுது இல்ல? கண்ணுக்கு அடிக்கணும்னு எல்லாத்துலயும் கலர ஏத்தி வெச்சிருக்கோம், இதுல இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. இப்ப பாரு." இரண்டு டிவியிலும் கலரை இறக்கினார். சிறிய டிவியில் வயலின் பச்சை மெல்ல இறங்கி வந்து, யூரியா அளவாகப் போட்ட வயலாக நின்றது.

"அட, ஆமாம்" என்றாள் தையலம்மாள். தப்பை ஒப்புக்கொள்ள அவள் தயங்கவில்லை. "அப்ப நான்தான் அவசரப்பட்டுட்டேன். இப்ப ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்குது."

"நேரா நின்னு பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் ஹாஜா மைதீன்.

நேராக நின்று பார்த்தால். அந்த வார்த்தை அவளைச் சுவரோரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. நடவுக்காரி முன்னால் நடந்து வேலை செய்கிறவள் இல்லை. குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போகிறவள். தான் நட்டது நேராக வந்திருக்கிறதா என்று பின்னால் போகப்போகத்தான் அவளுக்குத் தெரியும். தையலம்மாள் டிவிகளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தாள். தன் வீட்டுக் கூடம் பத்தடி. பத்தடியில் நின்றாள். பின்னால் ஃபிரிட்ஜ் இடித்தது. அப்படியே இடப்பக்கம் நகர்ந்து, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், பளபளவென்ற டைல்ஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தையலு, எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் நாகராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நானும் அதான் பாக்கறேன், இருங்க."

பெரிய டிவியில் வயல் சாம்பல் பூத்துக் கிடந்தது. நடுகிற பெண்களுக்கு முகமே இல்லை. சிறிய டிவியில் பச்சை பச்சையாகவே இருந்தது. ஓரத்தில் நின்ற ஒருத்தி வெற்றிலை மெல்லுவதுகூடத் தெரிந்தது. தையலம்மாள் எழுந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் அப்படியே. கடைசியாக, நாகராஜன் தினமும் டிவி பார்க்கிற விதத்தில் முழங்கையை ஊன்றி ஒருக்களித்துச் சாய்ந்தும் பார்த்துவிட்டாள்.

"அப்பா, ஏன் ஃபேன் தெரியுது? அம்மா எங்க? அம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று போன் பதறியது. நாகராஜன் அதைக் கூரையைப் பார்க்கப் பிடித்திருந்தார்.

"உங்கம்மா கடையில படுத்துக்கினு இருக்கறா" என்றார்.

"மயக்கமா?"

"டிவி பாக்கறாடா!"

தையலம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "சின்னது."

நாகராஜனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் வூட்ல நாப்பத்து மூணு. காசும் இருக்குது. நாம முப்பத்து ரெண்டத் தூக்கினு போய் எறங்கினா அவரு இன்னா சொல்லுவாரு?"

"அவரு வூட்ல நடுவுல குந்தறவருக்கு நாப்பத்து மூணு. ஓரத்துல குந்தறவளுக்கு எத்தினி, சொல்லுங்க?"

நாகராஜன் திரும்பவும் நாற்பத்து மூன்றைப் பார்த்தார்.

"நம்ம வூட்டுக்குப் பன்னெண்டு பேரு வருவாங்க. பன்னெண்டு பேரும் நடுவுல குந்த முடியாது."

"எம்மா, பெருசையே எடுத்துக்கம்மா. நல்ல கம்பெனியா பாத்துப் பெருசா எடு, கொறையறத நான் போடறேன்" என்றது போன்.

"நீ சும்மா இரு."

அவன் சும்மா இருக்கவில்லை. சிறிய டிவியின் மாடல் நம்பரைக் கேட்டு வாங்கினான். இரண்டு நிமிஷம் எதையோ தேடினான். பிறகு குரல் வேறு மாதிரி வந்தது. "எம்மா. அது நல்ல பேனல்தாம்மா. எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் கலர் மாறாதுன்னு எழுதியிருக்காங்க."

"எழுதாட்டியும் இதான்டா" என்றாள்.

அப்போதுதான் ஹாஜா மைதீன் நசீராவிடம், "இந்தம்மாவ வாரத்துல ஒருநாள் இங்க வேலைக்குக் கூப்பிடலாம் போல" என்றார். நசீரா பில் புத்தகத்தைத் திறந்தாள். "யார் பேர்லக்கா போடறது? கேரண்டி கார்டுலயும் அதே பேர்தான் வரும்."

வழக்கம்போல, "நாகராஜன், ஏம்பலம்" என்று ஆரம்பித்த நாகராஜன் பாதியில் நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். டைல்ஸ் தரையில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"தையலம்மாள்னு போடுங்க பாயம்மா" என்றார். "தை மாசத்துத் தை."

பணத்தை எடுக்க முந்தானை முடிச்சை அவிழ்த்த தையலம்மாள், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. நடவுக்காரிகள் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். மதியம் ஒரு படம். முன்னால் வந்தவர்கள் நடுவில் உட்கார, பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் சுவரோடு சாய்ந்துகொண்டார்கள். கடைசியாகச் செல்வகுமாரி வந்தாள். அவளுக்குப் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிங்காரவேலு.

அவர் வாசலில் நின்றபடி டிவியை அளந்தார். "முப்பத்து ரெண்டா?"

"ஆமாம் மாமா. வாங்க, குந்துங்க."

குந்துவதற்கு இடம் ஓரத்தில்தான் இருந்தது. பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். மேஸ்திரியின் ஆட்கள் யாரும் நடுவிலிருந்து நகரவில்லை. சிங்காரவேலு ஸ்டூலில் உட்கார்ந்தார். படத்தில் அம்மாவும் மகளும் பேருந்து நிலையத்தில் பிரிகிற கட்டம். அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு தலையை நேராக வைத்துக்கொண்டார்.

எதிர்ச் சுவரோரம் இருந்த செல்வகுமாரி உரக்கச் சொன்னாள்: "தோ, அந்தம்மா மூக்குத்தி தெரியுதுடி எனக்கு! ஒரு வருசமா எங்க வூட்ல நான் வெறும் நெழல பாத்துக்கினு கெடந்தேன்."

பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். சிங்காரவேலு சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்தார். பிறகு தம்பியிடம் மட்டும் கேட்பது போல, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"புகழு பாத்து அனுப்பினதா இது?"

நாகராஜன் பீரோவுக்குள்ளிருந்து கேரண்டி கார்டை எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்தார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் சிங்காரவேலு அதைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். படித்ததைத் திரும்ப ஒருமுறை படித்தார்.

"எப்படிம்மா பாத்து எடுத்த?" என்றார். இந்த முறை கேலி இல்லை.

தையலம்மாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாத்து பாக்கற மாதிரிதான் மாமா" என்றாள்.