கொட்டாரம் போர்முனை

ஒரு புத்தகத்தில் படம் போட்ட பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போர் நடத்தக் கிளம்பிய மடையன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புத்தகம், ஒரு சோவியத் ராணுவ ஜெனரல் தன் படைவாழ்வைப் பற்றி எழுதியது. வடசேரியில் நின்ற புத்தக வண்டியில் சித்தப்பா வாங்கியது, தலையணைக் கனம். குதிரைக்குப் புல் போடும் சிப்பாயாகச் சேர்ந்தவர், குண்டடி பட்டு, பதவி உயர்ந்து, பெரும்போரின் தொடக்கத்தில் பின்வாங்கிக்கொண்டே போய், பிறகு எதிரியை ஆற்றங்கரையில் வளைத்துப் பிடித்து, கடைசிப் படத்தில் வயிறுவரைக்கும் பதக்கத்தோடு நிற்பார். இவ்வளவும் படங்களுக்குக் கீழேயே இருந்தது. நடுவில் படமில்லாத அத்தியாயங்களை மனுஷன் சும்மா பக்கம் நிரப்ப எழுதியிருக்கிறார் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு வாய்த்த எதிரி அத்தை மகன். காலாண்டு லீவுக்குக் கொட்டாரம் வந்தவன், கீழத்தெருவின் தடியன்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு நாங்கள் கிரிக்கெட் ஆடும் களத்தைப் பிடித்துவிட்டான். "நீங்க பந்து பொறுக்கிப் போடுங்க மக்கா" என்றான். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு போருக்கு ஒத்துக்கொண்டான். கன்னிப்பூ நெல் அறுத்துக் காய்ந்து கிடந்த எங்கள் வயலின் இரண்டு பக்கமும் கம்பில் துண்டு கட்டுவது. எதிரியின் துண்டை முதலில் பிடுங்குகிறவனுக்கு லீவு முழுக்கக் களம். தோற்றால் லீவு முழுக்கப் பந்து பொறுக்க வேண்டும்.

போரன்று காலையில் சோடா மூடிகளைப் பதக்கமாகச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள்.

"நானும் வரட்டால?"

"பொம்பளப் பிள்ளைக்குப் போர்ல என்ன சோலி? சாயங்காலம் வரப்புல நின்னு எங்க செருப்பப் பாத்துக்க."

"பொஸ்தகத்த முழுசா வாசிச்சியா?"

"ஜெனரலுக்கு எல்லாம் தெரியும்."

அவள் சிரித்துவிட்டு, மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனாள். நான் மூடிகளை எண்ணுவதில் மும்முரமாக இருந்தேன்.

சாயங்காலம் வைக்கோல் படப்பின் மேல் ஏறி, பப்பாளித் தண்டைத் தொலைநோக்கியாகப் பிடித்துக்கொண்டு, "பின்வாங்கு!" என்று கத்தினேன். ஜெனரல் செய்தது போலவே பின்வாங்கிவிட்டு வளைப்பதுதான் திட்டம். என் வீரர்கள் கட்டளையை எவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றினார்கள் என்றால், இரண்டு பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள்.

கீழத்தெருப் படை கூச்சலிட்டுக்கொண்டு வயலுக்குக் குறுக்கே பாய்ந்தது. என் துண்டு போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், நடு வயலில் அத்தை மகன் முழங்கால்வரை புதைந்து நிற்கிறான். அவன் பின்னால் வந்தவர்களும் அப்படியே. அறுத்த தாளுக்கு அடியில் வயல் முழுக்கச் சேறு.

"ஏலே, கால் வரல்லியே! கை குடுங்கல!"

படப்பிலிருந்து உருண்டு விழுந்து, வரப்பிலேயே சுற்றி ஓடி, அவர்கள் துண்டைப் பிடுங்கினேன். மிச்சமிருந்த மூன்று வீரர்களும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினார்கள். சோடா மூடிகள் கலகலக்க, இரண்டு பக்கமும் கையசைத்தபடி போனேன். செருப்புகளை வாரி எடுத்துக்கொண்டு அக்கா பின்னால் வந்தாள்.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். தண்ணீர் பக்கத்து வயலுக்கும் பாய்ந்து, காயப்போட்ட வைக்கோல் நனைந்துவிட்டதாம்.

"மடைய வெட்டிவிட்டது யாருல?"

வெற்றிக் களிப்பில் இருந்த எனக்குக் கேள்வியே காதில் ஏறவில்லை. "எல்லாம் என் திட்டம்தாம்ப்பா!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. தென்னை மட்டை பிய்ந்துபோனது. ஜெனரலுக்கும் காயம் பட்டதுதானே என்று பெருமையோடு வாங்கிக்கொண்டேன். சேறு எப்படி வந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை. மண்ணே நம் பக்கம் என்றுதான் நினைத்தேன்.

இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் அலமாரியில் அந்தப் புத்தகம் அகப்பட்டது. படமில்லாத அத்தியாயம் ஒன்றை முதல்முறையாக வாசித்தேன். பனி உருகி, சமவெளியெல்லாம் சேறாகி, எதிரியின் வண்டிகள் அச்சுவரை புதைந்து நின்றதை ஜெனரல் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார். உடனே அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"அன்னைக்கு அப்பா என்னப் போட்டு அடிக்கும்போ நீ ஏன் வாயத் தொறக்கல்ல?"

"ஜெனரல் நீயா நானால?"