மாவு மாதிரி மண்

பேர் வைப்பதற்குள் என் தம்பி போய்விட்டான். பூந்தமல்லியில் எங்கள் ஜனங்களிடம் பெண்கள் அடக்கத்துக்குக் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கமில்லை. நான் சின்னப் பிள்ளை, கணக்கில் வராதவள் என்பதால் மாமா என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். சுற்றுச்சுவர் கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் ஜல்லியும் அங்கே மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. குழியில் மண்ணைத் தள்ளத் தள்ள, தம்பிக்கு மேலே வைத்த பலகையில் கல் விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மண்ணு எப்படிங்க இருந்துச்சு?"

"மாவு மாதிரி இருந்துச்சு. ஒரு கல்லு இல்ல," என்றார் அத்தா, தரையைப் பார்த்தபடி.

பொய் சொன்னால் மறுமையில் என்ன கிடைக்கும் என்று குர்ஆன் ஓதப் போகிற இடத்தில் எங்களுக்கு விலாவாரியாகச் சொல்லியிருந்தார்கள். அத்தாவுக்காக நானே அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அத்தாவுக்குக் கரையான்சாவடியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. மறுநாள் கடையைத் திறக்கவில்லை. காயலான் கடையிலிருந்து ஒரு இரும்புக் கட்டிலைத் தூக்கி வந்து வாசலில் போட்டார். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன கிரைண்டரின் மோட்டாரை அதில் போல்ட் போட்டு முடுக்கினார். கம்பிவலை அடித்த சல்லடையை ஒரு பக்கம் சங்கிலியில் தொங்கவிட்டார். மறுபக்கத்துக்கு ஸ்பிரிங் வேண்டும். உள்ளே போய், தம்பிக்காக மாட்டியிருந்த தொட்டில் ஸ்பிரிங்கைக் கழற்றி எடுத்து வந்தார்.

"இன்னா மச்சான், கடைய மூடிட்டு இன்னா பண்ணிக்கினு கீறே?" என்றார் மாமா.

"வேலப்பன்சாவடி ஃபிளாட்டுல மாடித் தோட்டத்துக்கு மண்ணு சலிச்சுக் கேக்குறாங்க."

நான் அதை அப்படியே நம்பினேன். இனி நாங்கள் மண் வியாபாரிகள் என்று தெருப் பிள்ளைகளிடம் பெருமை அடித்தேன்.

சுவிட்சைப் போட்டதும் வாசலே அதிர்ந்தது. அத்தா வாங்கி வந்து சல்லடையில் கொட்டிய செம்மண் கீழே பொலபொலவென்று விழுந்தது; கல்லெல்லாம் மேலேயே நின்றது. சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் அந்த ஸ்பிரிங்கை விட்டு நகரவில்லை. அத்தாவுக்கு இன்றைக்குச் செம டோஸ் விழப்போகிறது என்று நினைத்தேன். அவளோ உட்கார்ந்து, சலித்த மண்ணை ஒரு பிடி எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க."

அத்தா மறுபடி போட்டார்.

சலித்ததை மூட்டையாக்கி மொபெட்டில் கட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டார். வண்டி வேலப்பன்சாவடிக்குப் போகவில்லை; கபர்ஸ்தானில் போய் நின்றது. தம்பியின் மேட்டிலிருந்த கற்களை அத்தா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். பிறகு சலித்த மண்ணைக் கொட்டி உள்ளங்கையால் நிரவினார். என்ன செடி வைக்கப்போகிறோம் என்று கேட்டேன். அத்தா காலிச் சாக்கை உதறி மடித்தார்.

திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். அத்தாவின் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"மண்ணு எப்படிங்க இருந்துச்சு?"

"மாவு மாதிரி," என்றார் அத்தா, அவள் முகத்தைப் பார்த்து.

அம்மா கேட்டதையே திரும்பக் கேட்கிறாள், அவளுக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று அழுதுகொண்டே மாமாவிடம் ஓடினேன்.